பழைய 16 மி.மீ. படப்பிரதிகள் கைக்கு வந்தால்: ஓட்டும் முன், விற்கும் முன்

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஊர் மாறிப் போகும்போது, ஒரு 16 மி.மீ. புரொஜெக்டரையும் நாற்பது டப்பா படச்சுருள்களையும் கொடுத்துவிட்டுப் போனார். பாதி டப்பாக்களில் பெயர் இருக்கிறது, மீதியில் இல்லை. இவற்றுக்கு மதிப்பு உண்டா? விற்பது சட்டப்படி சரிதானா? யாரிடம் விற்பது? ஓட்டிப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு அந்தப் புரொஜெக்டரில் எதையும் மாட்டாதீர்கள். டப்பாவைத் திறந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான், அது எனக்கும் தெரியும். ஆனால் பல வருடம் சும்மா கிடந்த இயந்திரத்தில் எண்ணெய் இறுகிப்போயிருக்கும், ரப்பர் பெல்ட் விறைத்திருக்கும். சுருளும் சுருங்கியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் சில நிமிடங்களுக்குள் ஓரத்துத் துளைகள் வரிசையாகக் கிழிந்துவிடும். கிழிந்ததை டேப் போட்டு ஒட்டலாம், ஓடவும் செய்யும். ஆனால் போன விலை திரும்பி வராது. அதனால் கையால் சுற்றும் ரீவைண்டர் ஒரு ஜோடி, அடியிலிருந்து வெளிச்சம் வரும் ஒரு சின்னப் பலகை, ஒரு லென்ஸ், பருத்திக் கையுறை, இவற்றை முதலில் வாங்குங்கள். அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் தியேட்டர் அந்த மேசைதான்.

மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது பிரதிக்கு; படத்தின் பெயர் அதற்குப் பிறகுதான். ஒரே படத்துக்கு மூன்று பிரதிகள் சந்தைக்கு வரும். ஒன்று 1960-களில் டெக்னிகலர் ஆய்வகத்தில் அச்சாகி இன்றும் பளிச்சென்று நிற்பது. இன்னொன்று 1970-களில் ஈஸ்ட்மன் கலரில் அச்சாகி முழுக்கச் சிவந்துபோனது. மூன்றாவது, யாரோ ஒரு பிரதியைப் பார்த்து எடுத்த நகல், முகமெல்லாம் வெளிறி நிழலெல்லாம் கறுத்துக் கிடப்பது. மூன்று டப்பாவின் மேலும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும். முதலாவதற்குப் போட்டி போடுவார்கள். மூன்றாவதை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும். ஆகவே டப்பாவின் மேல் உள்ள பெயரை வைத்து இணையத்தில் விலை தேடாதீர்கள். டப்பா மாறியிருப்பதும், உள்ளே வேறு ரீல் இருப்பதும் மிகச் சாதாரணம்.

திறந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். காடி வாசனை, அதாவது வினிகர் நெடி, அடித்தால் அந்தச் சுருளின் அடித்தளமான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. ஈரமும் சூடும் பட்டு அசிட்டேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிகிறது. பிரிந்த அமிலமே அடுத்த சிதைவை வேகப்படுத்துகிறது. அதனால்தான் மூடிய டப்பாவுக்குள் அது நாளாக நாளாக விரைகிறது. இந்த நோய்க்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு: அசிட்டேட் பிலிம் பரவலான பிறகு, இப்படிச் சிதைகிறது என்று கோடாக் நிறுவனத்துக்குப் போன முதல் புகார் இந்திய அரசிடமிருந்து போனது. சூடும் புழுக்கமும் சேர்ந்த கிடங்குகளில் இருந்த சுருள்கள் அவை. நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் பிலிம், புகைப்படங்களின் ஆயுளை ஆராயும் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட்டின் கணக்குப்படி, புதிய அசிட்டேட் பிலிமை 21 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் இந்த நோய் தலைகாட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். சூடு ஏறினால் அந்தக் காலம் வேகமாகக் குறையும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் கோடை முழுக்கக் கிடந்த டப்பாக்கள் ஏன் இப்படி நாறுகின்றன என்பதற்கு இதுவே விளக்கம். அதே நிறுவனம் ஏ-டி ஸ்ட்ரிப் என்று சாயமேற்றிய காகிதத் துண்டுகள் விற்கிறது. டப்பாவுக்குள் ஒன்றைப் போட்டு ஒரு நாள் மூடி வைத்தால், நீலம் பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போவதை வைத்து நோய் எந்த அளவில் இருக்கிறது என்று தெரியும். மூக்குக்கு எட்டும் முன்பே அது காட்டிக்கொடுக்கும்.

நெடி அடிக்கும் டப்பாக்களை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அதை மறைத்து யாருக்கும் விற்கவும் வேண்டாம். வாங்குகிறவர் வீட்டில் இருக்கும் நல்ல பிரதிகளையும் அது கெடுக்கும். சேகரிப்பவர்கள் நடுவே ஒருவர் பெயர் கெட்டுப்போக இதைவிட வேகமான வழி கிடையாது.

எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் பற்றிப் படித்துப் பயந்திருப்பீர்கள். 35 மி.மீ. சினிமா பிலிம் 1950-களின் தொடக்கம் வரை நைட்ரேட் அடித்தளத்தில்தான் வந்தது. தீப்பிடித்தால் எரிவதற்கான ஆக்சிஜனைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், தண்ணீருக்கடியிலும் எரியும். 2003-இல் புனேயில் நடந்த தீ விபத்தில் இந்தியாவின் பழைய நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் அழிந்தன. ஆனால் 16 மி.மீ. வடிவத்தை 1923-இல் கோடாக் கொண்டுவந்ததே வீட்டிலும் பள்ளியிலும் ஓட்டுவதற்காக. அதனால் தொடக்கம் முதலே எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டில்தான் கொடுத்தது. உங்களிடம் இருப்பது எல்லாம் 16 மி.மீ. என்றால் இந்தக் கவலையை விடலாம். அகலமான 35 மி.மீ. சுருள் ஏதாவது இடையில் இருந்து, ஓரத்தில் 'சேஃப்டி' என்ற சொல்லும் இல்லையென்றால் மட்டும், அதைத் தொடாமல் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போன் செய்யுங்கள். அதைத் தபாலில் அனுப்புவதும் குற்றம்.

அடுத்து சுருங்கலைப் பாருங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எல்லாம் வேண்டாம். சுருங்காத புது லீடர், அதாவது ரீலின் தொடக்கத்தில் ஒட்டும் வெற்றுப் பிலிம், ஒரு நீளத்தை எடுத்து, சந்தேகப்படும் பிலிமோடு ஓரம் சேர்த்து மேசையில் நீட்டுங்கள். முதல் துளைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கட்டும். நூறு துளைகள் எண்ணுங்கள். நூறாவதில் ஒரு முழுத் துளை இடைவெளி அளவுக்குத் தள்ளிப் போயிருந்தால் சுருங்கல் ஒரு விழுக்காடு. அது ஓடாது. பாதியளவு தள்ளியிருந்தால் நல்ல இயந்திரத்தில், பொறுமையாக, ஒருவேளை ஓடும்.

பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டே, பிலிமின் இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஓடவிடுங்கள். கிழிந்த துளையும் உதிர்ந்த ஒட்டும் கண்ணுக்கு முன்னே விரலுக்குத் தெரியும். எங்கே எத்தனை ஒட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். சுருளை விளக்குக்கு நேரே பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தால், ஒளி ஊடுருவித் தெரிவது பாலியெஸ்டர். இருட்டாகத் தெரிவது அசிட்டேட். பாலியெஸ்டருக்குக் காடி நோய் வராது. அதை பிலிம் சிமென்ட் என்ற பசை வைத்து ஒட்டவும் முடியாது, டேப்தான்.

கீறல்களை ஊரில் "படத்தில் மழை பெய்கிறது" என்பார்கள். எல்லா மழையும் ஒன்றல்ல. பிலிமின் பளபளப்பான அடிப்பக்கத்தில் விழுந்த கீறல் திரையில் கறுப்புக் கோடாகத் தெரியும். நல்ல பிலிம் திரவம் கொண்டு துடைத்தால் அதில் ஓரளவு மறையும். மங்கலான பக்கத்தில், அதாவது படம் படிந்திருக்கும் எமல்ஷனில் விழுந்தால் போனது போனதுதான். வண்ணப் பிரதியில் அது பச்சைக் கோடாக வரும், இன்னும் ஆழமாக இருந்தால் மஞ்சள், அதற்கும் மேல் வெள்ளை. பிரதியில் மேலடுக்கு மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பு. அது சுரண்டப்பட்டால் மிஞ்சுவது பச்சை. விற்பனைக் குறிப்பில் "சில பச்சைக் கோடுகள் உண்டு" என்று எழுதினால் தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார், உங்களை நம்பவும் செய்வார்.

இப்போது நிறம். பிரதிகளின் விலையில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டெக்னிகலர் நிறுவனம் பிரதி எடுத்த முறை அச்சகத்தில் வண்ணப்படம் அச்சிடுவதைப் போன்றது. மூன்று தனித்தனிச் சுருள்களில் சாயத்தை ஏற்றி, ஒன்றன் பின் ஒன்றாக வெற்றுப் பிலிமில் ஒற்றி எடுப்பார்கள். சேகரிப்பவர்கள் இதை 'ஐபி டெக்' (IB Tech) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சாயங்கள் வெளிச்சம் படாமல் வைத்தால் மங்குவதே அரிது. 1970-களின் நடுவில் அமெரிக்காவிலும், சில ஆண்டுகள் கழித்து லண்டனிலும் இந்த முறை நின்றுபோனது. அதனால் இருப்பது இருப்பதுதான், புதிதாக வரப்போவதில்லை. அடையாளம் காண ஒரு எளிய வழி: ஒலித்தடத்தை, அதாவது பிலிமின் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் பட்டையை, லென்ஸில் பாருங்கள். ஐபி பிரதியில் அது வெள்ளியால் ஆனது, சுத்தமான கறுப்பு-சாம்பலாக இருக்கும். ஈஸ்ட்மன் பிரதியில் ஒலித்தடத்திலும் சாயத்தின் சாயல் தெரியும்.

ஈஸ்ட்மன் கலர் 1950-இல் வந்தது. மலிவு, வேகம், எந்த ஆய்வகத்திலும் கழுவலாம். அதனால் உலகமே அதற்கு மாறியது. அதன் சியான், அதாவது நீலப்பச்சைச் சாயம், மற்ற இரண்டையும் விட முந்திக் கரைகிறது. வானத்தின் நீலமும் இலையின் பச்சையும் போய், கடைசியில் எல்லாம் இளஞ்சிவப்பு, இன்னும் பிறகு செங்காவி. 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை அச்சான ஈஸ்ட்மன் பிரதிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே கதி. அதற்குப் பிறகு கோடாக் கொண்டுவந்த, ஓரத்தில் 'எல்பிபி' (LPP) என்று அச்சிட்ட பிலிம் நிறத்தை நன்றாகவே தாங்குகிறது. ஓரத்தில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் சந்தோஷப்படலாம். கோடாக்கின் இன்னொரு வண்ணப் பிலிமான கோடாகுரோமில் எடுத்த 16 மி.மீ. பிரதிகளும் அரை நூற்றாண்டு கடந்து அப்படியே நிற்கின்றன. பள்ளிகளுக்காக எடுத்த இயற்கைப் படங்களில் அவை அவ்வப்போது வரும். கறுப்பு-வெள்ளைக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. சிவந்த பிரதியை போனில் படம் எடுத்தால், போன் தானாகவே நிறத்தைத் திருத்திவிடும். பிரதி உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். நீங்கள் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் வாங்குகிறவர் ஏமாந்துபோவார். ஆகவே பிலிமோடு ஒளிப்பலகையின் வெறும் வெள்ளை இடமும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். ஓரத்துத் துளையும் எழுத்தும் தெரியட்டும். ஒரு பிரேமை மட்டும் வெட்டி எடுத்த படத்தைப் பார்த்து அனுபவசாலிகள் யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள்.

ஓரத்தில் இருக்கும் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சின்னங்கள் கோடாக் அந்தப் பிலிமைத் தயாரித்த ஆண்டைச் சொல்லும். அட்டவணைகள் எளிதில் கிடைக்கும். ஒரே சின்னம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால், 1938-ஆ 1958-ஆ என்பதைப் படத்தையும் பிரதியின் நிலையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அது வெற்றுப் பிலிம் தயாரான ஆண்டு என்பதையும் மறக்காதீர்கள். அதே ஓரத்தில் நகலையும் கண்டுபிடிக்கலாம். வெளிர் ஓரத்தில் கறுப்பு எழுத்து இந்தப் பிலிமுக்கே உரியது. கறுத்த ஓரத்தில் வெள்ளை எழுத்து நெகட்டிவிலிருந்து அச்சில் வந்தது. வேறொரு பிரதியின் ஒட்டுகளும் கீறல்களும் தூசியும் படத்துக்குள்ளேயே அச்சாகியிருந்து, விரல் வைத்தால் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால், அது பிரதியைப் பார்த்து எடுத்த நகல்.

முழுமையாக இருக்கிறதா என்பதற்கு நீளத்தை அளக்க வேண்டும். ஒலிப்படம் 16 மி.மீ.-இல் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 400 அடி ரீல் என்றால் 11 நிமிடம், 1,600 அடி என்றால் ஏறக்குறைய 44 நிமிடம். 80 நிமிடப் படம் என்று சொல்லப்படுவது இரண்டு ரீலில் 2,300 அடிதான் வருகிறது என்றால் பதினைந்து நிமிடத்துக்கும் மேல் எங்கோ போயிருக்கிறது. தொலைக்காட்சி நிலையங்களுக்குப் போன பிரதிகளில் இது அதிகம். 1950-களின் நடுவில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தங்கள் பழைய படங்களை மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு விற்றன. ஆர்கேஓ ஸ்டூடியோவின் படங்கள் சி அண்ட் சி நிறுவனத்துக்கும், வார்னரின் பழைய படங்கள் ஏஏபி நிறுவனத்துக்கும் போயின. ஒவ்வொரு நிலையத்துக்கும் 16 மி.மீ. பிரதிகள் அச்சாயின. நிலையத்து ஆட்கள் விளம்பர நேரத்துக்கு இடம் பண்ண வெட்டினார்கள், திரும்ப ஒட்டினார்கள், சில சமயம் ஒட்டாமலும் விட்டார்கள். இன்று சேகரிப்பவர்கள் கையில் இருக்கும் பழைய ஹாலிவுட் படங்களில் ஒரு பெரும்பகுதி இந்த வழியாக வந்ததுதான். இன்னொரு பகுதி பள்ளி, கல்லூரி, நூலகம், ராணுவ முகாம் ஆகியவற்றுக்கு வாடகைக்குப் போனவை. 1980-களில் வீடியோ வந்ததும் இவற்றை எல்லோரும் ஒரேயடியாகக் கழித்துக் கட்டினார்கள். உங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியருக்கும் அநேகமாக அப்படித்தான் கிடைத்திருக்கும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். ஐம்பது வருடம் முன்பு இந்தக் கேள்வி உண்மையிலேயே பயமுறுத்தும் கேள்வி. "பிரதிகளை நாங்கள் யாருக்கும் விற்றதே இல்லை, வாடகைக்கு மட்டுமே கொடுத்தோம், ஆகவே தனியார் கையில் இருக்கும் எல்லாப் பிரதியும் திருட்டுச் சொத்து" என்பது ஸ்டூடியோக்களின் வாதம். 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டவல் வீட்டுக்குள் எஃப்.பி.ஐ. நுழைந்து 160-க்கும் மேற்பட்ட 16 மி.மீ. பிரதிகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோ நாடாக்களையும் எடுத்துக்கொண்டு போனது. அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஆனால் சேகரிப்பாளர்கள் நாடு முழுக்கக் கதிகலங்கினார்கள். இங்கிலாந்தில் நகைச்சுவைக் கலைஞர் பாப் மங்க்ஹவுஸும் இதே போல் சிக்கி, 1979-இல் லண்டன் நீதிமன்றத்தில் விடுதலையானார். அமெரிக்காவில் 1977-இல் வைஸ் என்பவர் மீதான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: குற்ற வழக்கில், அந்தப் பிரதி ஒருபோதும் முறைப்படி விற்கப்படவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. முறையாக ஒருமுறை விற்கப்பட்ட பிரதியை அதன் சொந்தக்காரர் மறுபடியும் விற்கலாம் என்பது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு.

இன்று பழைய 16 மி.மீ. பிரதிகள் வெளிப்படையாகவே கைமாறுகின்றன. ஆனால் பொருள் வேறு, உரிமை வேறு. கையில் பிரதி இருப்பதால் பொதுமக்களைக் கூட்டித் திரையிடவோ, கணினியில் ஏற்றி வெளியிடவோ உரிமை வந்துவிடாது. பழைய அமெரிக்கப் படங்களுக்கு 95 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1964-க்கு முன் வெளியானவற்றில் 28-ஆம் ஆண்டில் புதுப்பிக்கத் தவறியவை பொதுச்சொத்தாகிவிட்டன. அந்த வகைப் படங்களைத்தான் சிறு விற்பனையாளர்கள் நகலுக்கு மேல் நகலாக அச்சிட்டுத் தள்ளினார்கள். அதனால் புகழ்பெற்ற ஒரு பொதுச்சொத்துப் படம் உங்கள் டப்பாவில் இருந்தால், அது நல்ல பிரதிதானா என்று இருமுறை பாருங்கள்.

வீட்டு உபயோகத்துக்கென்றே விற்கப்பட்டவையும் உண்டு. 1920-களிலும் 30-களிலும் கோடாக்கின் கோடாஸ்கோப் நூலகம் மௌனப் படங்களைச் சுருக்கி, பெரும்பாலும் பொன்மஞ்சள் சாயம் தோய்த்த பிலிமில் வாடகைக்குக் கொடுத்தது. பிறகு காசில் பிலிம்ஸின் சிறு ரீல்கள் வந்தன. அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டிலிருந்து பிளாக்ஹாக் பிலிம்ஸ் அனுப்பிய மௌன நகைச்சுவைகள், லாரல்-ஹார்டி குறும்படங்கள் ஆகியவற்றின் அச்சு அவ்வளவு நேர்த்தி. அந்தப் பட்டியல்களைப் படித்தே ஒரு தலைமுறை சினிமா வரலாறு கற்றது. என் அபிப்பிராயத்தில், புதிதாகச் சேகரிக்க நினைப்பவருக்கு பிளாக்ஹாக்கின் 16 மி.மீ. கறுப்பு-வெள்ளைக் குறும்படங்களைவிட நல்ல தொடக்கம் கிடையாது: மங்காது, சட்டச் சிக்கல் குறைவு, பத்து இருபது நிமிடத்தில் பார்த்து முடிக்கலாம்.

விலைக்கு ஒரே விகிதம் கிடையாது. கார்ட்டூன்கள், அதிலும் ஐபி டெக் கார்ட்டூன்கள், நீளத்துக்குச் சம்பந்தமில்லாத விலைக்குப் போகும். கறுப்பு-வெள்ளைத் திகில் படம், துப்பறியும் படம் போன்றவற்றுக்கு நிரந்தர ஆசைக்காரர்கள் உண்டு. பழைய விளம்பரங்கள், டிரெய்லர்கள் சேர்ந்த ரீல்களுக்கும் கூட்டம் வரும். சிவந்துபோன முழுநீளப் படம் பிரபலமானதாக இருந்தாலும் குறைவாகத்தான் போகும். பள்ளிப் படங்கள் தனித்தனியாகச் சில டாலர்களுக்கு மேல் தாண்டுவது கடினம். அவற்றைப் பத்துப் பத்தாகச் சேர்த்து விற்பதே நல்லது. ஆனால் அவற்றை இளக்காரமாக நினைக்காதீர்கள். ரிக் பிரெலிங்கர் 1980-களின் தொடக்கத்திலிருந்து, யாரும் மதிக்காத பள்ளிப் படங்கள், தொழிற்சாலைப் படங்கள், விளம்பரப் படங்களையே சேர்த்தார். 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் அந்தச் சேகரிப்பையே வாங்கிக்கொண்டது. ஒரு ஊரின் கடைத்தெருவோ, மூடிப்போன தொழிற்சாலையோ அசையும் படமாக வேறெங்கும் இல்லாமல் போயிருக்கலாம்.

எங்கே விற்பது? ஒரு காலத்தில் 'தி பிக் ரீல்' போன்ற மாத இதழ்களில் பொடி எழுத்து விளம்பரங்கள் வழியாகவே வியாபாரம் நடந்தது. இப்போது ஈபேயும், சேகரிப்பவர்களின் முகநூல் குழுக்களும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் நேரில் போக முடிந்தால் போங்கள். ஒஹாயோ மாநிலத்து கொலம்பஸில் 1969-இல் சினிவென்ட் என்று தொடங்கி இப்போது வேறு பெயரில் மே மாதக் கடைசியில் நடக்கும் கூட்டத்தில், நாள் முழுக்க அரிய படங்கள் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து அரங்கில் மேசை போட்டுப் பிரதிகள் விற்பார்கள். ஒரு ரீலை எப்படிக் கையில் எடுக்கிறார்கள், எங்கே முதலில் பார்க்கிறார்கள், எதற்கு உதட்டைப் பிதுக்குகிறார்கள் என்று ஒரு நாள் கூட நின்று பார்த்தால் போதும், நான் இங்கே எழுதியதெல்லாம் உங்களுக்கு மனத்தில் பதிந்துவிடும்.

மொத்தமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது உடனே வந்தால் அவசரப்படாதீர்கள். நாற்பதில் நல்லது மூன்றோ நாலோ இருக்கும். அந்த மூன்று நாலுக்காகத்தான் அவர் வருகிறார். அதில் தவறொன்றும் இல்லை, மீதியைச் சுமக்கும் தொல்லைக்கும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போடுகிறார். எது நல்லது என்று தெரிந்துகொண்டு பேசுவது உங்கள் பொறுப்பு. விற்பனைக் குறிப்பில் பிலிம் வகை, ஓரக் குறியீடு, அடிக்கணக்கு, ஒட்டுகள், கீறல், நிறத்தின் நிலை, காடி நெடி உண்டா இல்லையா, ஓட்டிப் பார்த்தீர்களா இல்லையா, இத்தனையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே போடுங்கள். வாங்குகிறவர்கள் எண்ணிக்கையில் சிலரே, ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு பிரதியை ஒழுங்காக விவரித்து விற்றவரிடம் அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அனுப்பும்போது ரீலின் வெளி நுனியை அமிலமற்ற டேப்பால் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் ஆடாமல் வைத்து, அட்டைப்பெட்டிக்குள் பெட்டியாக அனுப்புங்கள். அமெரிக்கத் தபால் துறையின் மீடியா மெயில் கட்டணத்தில் 16 மி.மீ. பிலிமை அனுப்பலாம்; கனமான ரீல்களுக்கு அது பெரிய மிச்சம்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் பரணும் வேண்டாம், நிலவறையும் வேண்டாம். முன்னது சூடு, பின்னது ஈரம். வீட்டின் நடுவே குளிரூட்டப்பட்ட அறையின் அலமாரி போதும். துருப்பிடித்த தகர டப்பாக்களை மாற்றுங்கள், படுக்கை வாட்டில் அடுக்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை மெதுவாகச் சுற்றிக் காற்றுப்பட விடுங்கள்.

கடைசியாக, பெயர் இல்லாத அந்தப் பாதி டப்பாக்கள். எனக்கு ஆர்வம் அங்கேதான். 2013-இல் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் எடுத்த மௌன முழுநீளப் படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்துவிட்டதாகச் சொல்கிறது. மூல 35 மி.மீ. வடிவில் முழுமையாக இருப்பது 14 விழுக்காடு. இன்னும் 11 விழுக்காடு, வெளிநாட்டுப் பதிப்பாகவோ 16 மி.மீ. போன்ற சிறு வடிவப் பிரதியாகவோ மட்டும் தப்பியிருக்கிறது. ஜெர்மானிய மௌனப் படமான 'மெட்ரோபொலிஸ்' 1927-இல் வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. காணாமல் போன காட்சிகளில் பெரும்பகுதி 2008-இல் புவனோஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. பிரதியில் கிடைத்தது. ஒரு அர்ஜென்டினா திரை விமர்சகர் தனக்காக வைத்திருந்த நைட்ரேட் பிரதியிலிருந்து எடுத்த நகல் அது. கீறல்கள் அப்படியே அச்சாகியிருந்தன. மேலே நான் சொன்ன கணக்குப்படி பார்த்தால் சந்தையில் அது மட்டமான நகல். நம் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே எத்தனையோ சுருள்கள் கரைக்கப்பட்டன.

அதனால் பெயர் தெரியாத ரீல்களை நெடி அடித்தாலும், சுருங்கியிருந்தாலும் கழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தொடக்கத் தலைப்பு இருந்தால் அது, நடிகர் முகம் தெளிவாகத் தெரியும் ஐந்தாறு பிரேம்கள், எழுத்து அட்டைகள் வந்தால் அவை, ஓரக் குறியீடு ஆகியவற்றைப் படம் எடுங்கள். அடிக்கணக்கையும் சேர்த்து, காங்கிரஸ் நூலகத்துக்கோ ராசெஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். இந்தியப் படம் என்று தெரிந்தால் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அல்லது மும்பை பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனுக்கு. அவர்களிடமிருந்து பதில் வரும்வரை அந்த டப்பாக்களை விற்பனைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். பெயர் உள்ள இருபதைச் சோதித்து முடிக்கவே அதற்குள் உங்களுக்கு நேரம் சரியாக இருக்கும்.